முப்பதாவது பெயர்

பாகலூர்,
14-9-1954

கிருஷ்ணகிரி ஜவுளி வியாபாரி ஜனாப் நசீருதீன் அவர்களுக்கு, பாகலூர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ராமப்பன் எழுதிக்கொண்டது.

"தாம்பூலத் தட்டு என் முன்னால வந்தா கைய நீட்டறதா, மடக்கிக்கறதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க பாவா."

சென்ற மாதம் என் தம்பி மனைவி வெள்ளையம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று அவள் மகள் சம்பங்கிக்கு நிச்சயதார்த்தம். சுமங்கலிகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வெற்றிலையும் வைத்த தட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தது. தட்டு அவளிடம் வருவதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் தம்பி எல்லப்பன் 1936இல் மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனான். கடைசிக் கடிதம் 1941 கார்த்திகையில் வந்தது. ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்த பிறகு, சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனார்கள் என்றும், எல்லப்பனும் அதில் இருந்தான் என்றும் திரும்பி வந்த ஒருவர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. 1947இல் மலாயாவில் தொழிலாளர் அலுவலகம் ஒன்றுக்கு மனுப் போட்டேன். தமிழ்த் தொழிலாளர் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை என்று பதில் வந்தது. இறந்தவர்களிலும் இல்லை, திரும்பியவர்களிலும் இல்லை.

ஓசூர்ச் சந்தைக்குத் துணி மூட்டையோடு வரும் முனிசாமி போன வாரம் சொன்னான்: "கிருஷ்ணகிரி பாய் சயாம் ரயில் ரோட்டுல கிராணியா இருந்தவருங்க. கூலி ஆளுங்க பேரு எழுதறதே அவரு வேலதான். சிங்கப்பூர் கோர்ட்டுல ஜப்பான்காரன் மேல சாட்சி சொன்னவரு. அந்தப் போட்டோவக் கடையில மாட்டி வெச்சிருக்காரு."

பெயர் எழுதியவருக்குத் தெரியாமல் இருக்குமா? என் தம்பி இருக்கிறானா, இல்லையா? இல்லையென்றால் எந்த இடம், எந்த நாள்? மாசியில் கல்யாணம். அதற்குள் அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
ராமப்பன்

*

786

கிருஷ்ணகிரி,
20-9-1954

வாத்தியார் அய்யாவுக்கு நசீருதீன் வந்தனம்.

கடிதம் கிடைத்தது. நான் கிராணியாக இருந்தது உண்மை. அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கான பேர். எல்லப்பன் என்று எனக்கு யாரும் நினைவில்லை.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. சண்டை முடிந்ததும் மலாயாவில் கிராணிகளையும் கங்காணிகளையும் தேடித் தேடி அடித்தார்கள். ஜப்பான்காரனுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தவன் என்று என் சொந்தத் தோட்டத்து ஆட்களே என்மேல் கல் எறிந்தார்கள். அதிலிருந்து யாராவது வந்து பட்டியல் கேட்டால், முதலில் அவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

நான் சொல்ல வேண்டியதைக் கோர்ட்டில் சொல்லிவிட்டேன். அந்த ஆபீசருக்குத் தண்டனையும் கிடைத்தது. நியாயம் முடிந்துபோனது. முனிசாமியின் பேச்சைக் கேட்டு இனி எழுத வேண்டாம்.

நசீருதீன்

*

பாகலூர்,
26-9-1954

நசீருதீன் அவர்களுக்கு,

என் கையில் ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் சாக்கட்டி பிடித்த கை. அவ்வளவுதான்.

நியாயம் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை நெடுநாள் வராவிட்டால் காரணம் எழுதியாக வேண்டும். ஊர் மாறிப் போனான் என்றோ, இறந்தான் என்றோ, ஏதோ ஒன்று. எழுதாமல் விட்டால் அந்தப் பெயரைத் தினமும் கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று ஒரு நொடி நிற்கவும் வேண்டியிருக்கும். பதின்மூன்று வருடமாக எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. தபால்காரர் தெருவில் திரும்பினால் வெள்ளையம்மா செய்கிற வேலையை நிறுத்திவிடுகிறாள்.

சிங்கப்பூரில் ஒருவனைத் தண்டித்தார்கள். நல்லது. அந்தத் தீர்ப்பில் எங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ள ஒரு வரியாவது இருக்கிறதா? தண்டனை குற்றவாளிக்குப் போய்ச் சேர்ந்தது. செத்தவன் வீட்டுக்குச் சேர வேண்டிய உண்மை யாரிடம் நின்றுபோனது?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லப்பன் மலாயாவிலிருந்து எழுதிய கடிதத்தில், "எங்கள் தோட்டத்துக் கிராணி நம்ம கிருஷ்ணகிரிக்காரர், பெயர் நசீருதீன்" என்று ஒரு வரி இருக்கிறது. முதல் கடிதத்தில் வேண்டுமென்றேதான் இதை எழுதவில்லை. தெரியாது என்று சொல்வீர்களா என்று பார்க்க நினைத்தேன். சொல்லிவிட்டீர்கள்.

ராமப்பன்

*

786

கிருஷ்ணகிரி,
9-10-1954

வாத்தியார் அய்யாவுக்கு,

பரீட்சை வைக்கிறீர்கள். வையுங்கள்.

எல்லப்பனைத் தெரியும். ஒரே ஊர்ப் பக்கத்து ஆள் என்று என்னிடம் பிரியமாக இருப்பான். துக்கச் செய்தி எழுதப் பிரியமில்லாமல்தான் தெரியாது என்றேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

1944 பிப்ரவரி 4ஆம் தேதி, தை வெள்ளிக்கிழமை. மலைக்காய்ச்சல். மூன்று நாள் படுத்தான். வலி அதிகமில்லை. கடைசியில் என் மடியில்தான் தலை. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். பெண்டாட்டி, பிள்ளை பெயர் சொன்னான். ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் அடக்கம் செய்து, மரக்கட்டையில் பெயர் எழுதி நட்டோம். என் கையாலேயே எழுதினேன்.

தேதி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். இத்தோடு விட்டுவிடுங்கள்.

நசீருதீன்

*

பாகலூர்,
15-10-1954

நசீருதீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வெள்ளையம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. கடைசி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காரியம் செய்வதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம். எல்லப்பன் என்ற பெயரில் வேறு ஆட்களும் இருந்திருக்கலாம். சிறு வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து அவனுக்கு வலது முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. மடியில் வைத்திருந்தீர்களே, அதைப் பார்த்தீர்களா?

ராமப்பன்

*

786

கிருஷ்ணகிரி,
21-10-1954

வாத்தியார் அய்யாவுக்கு,

பார்த்தேன். வலது முழங்கையில் தழும்பு இருந்தது. உங்கள் தம்பிதான். சந்தேகம் வேண்டாம்.

நசீருதீன்

*

பாகலூர்,
27-10-1954

நசீருதீன் அவர்களுக்கு,

என் தம்பிக்கு எந்த முழங்கையிலும் தழும்பு கிடையாது. அவன் புளியமரம் ஏறியதும் இல்லை.

பாடத்தில் இல்லாத கேள்வியை ஒரு பிள்ளையிடமும் நான் கேட்டதில்லை. உங்களிடம்தான் முதல் முறையாகக் கேட்டேன். அந்த யோசனையும் என்னுடையது இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வெள்ளையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தை வெள்ளிக்கிழம. மடியில தல. வாயில தண்ணி. பேரு எழுதின கட்ட. நாம கேக்க ஆசப்பட்டது அத்தனையும் இதுல இருக்குது பாவா. அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

"அப்படிச் சொல்லாதேம்மா. பெரிய மனுசன் எழுதியிருக்கிறார்."

"பெரிய மனுசரா இருக்கட்டும். இல்லாத ஒண்ணக் கேட்டு எழுதுங்க. இருக்குதுன்னு சொல்றாரா பாப்போம். வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

எதற்காகப் பொய் சொன்னீர்கள்? என்னை விரட்டவா, எங்களைத் தேற்றவா? தேற்றத்தான் என்றால், அதற்கு உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? உங்கள் தை வெள்ளிக்கிழமையை நம்பி அவள் தாலியைக் கழற்றியிருந்தால், வருடா வருடம் ஒரு பொய்யான நாளுக்குப் படையல் வைத்துக்கொண்டிருப்போமே!

பெயரை மறைத்தீர்கள். பிறகு சாவையே மாற்றினீர்கள். இவ்வளவு பாடுபட்டு ஒருவர் மறைக்கிறார் என்றால், அதில் அவர் கையும் இருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். இனி நான் எழுதப்போவதில்லை. உங்களிடமிருந்து வருகிற எதையும் இனி நம்புவதாகவும் இல்லை.

ராமப்பன்

*

786

கிருஷ்ணகிரி,
22-11-1954

வாத்தியார் அய்யாவுக்கு,

நம்ப வேண்டாம். வாசித்தால் போதும்.

உங்கள் தம்பி மனைவி போன புதன்கிழமை என் கடைக்கு வந்தது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தனியாகத்தான் வந்தார்கள். சேலை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து நாலைந்து எடுத்துப் போட்டேன். ஒன்றையும் தொடவில்லை.

"நான் பாகலூர் எல்லப்பன் வீட்டுப் பொம்பள" என்றார்கள்.

திட்டினால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அந்த அம்மா கேட்டது வேறு.

"எங்க வீட்டுக்காரரு உங்கள எப்படிக் கூப்புடுவாரு பாய்?"

அதற்குப் பொய் தயாராக இல்லை. "அன்னான்னுதான் கூப்புடுவாரும்மா. தெலுங்குல" என்றேன்.

"ஆமா. பிரியம் வந்தா அவருக்குத் தெலுங்குதான் வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்கள். படி இறங்கும்போது திரும்பி, "இது நெசம். இந்த மாதிரி மிச்சத்தையும் எழுதுங்க" என்றார்கள். பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி ரோஷன் பீ, "நீங்க ஊரு திரும்பின நாள்லேருந்து தூக்கத்துல பேசறத நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அந்தம்மாவுக்கு எழுதித் தொலைங்க" என்றாள்.

எழுதுகிறேன்.

1943 ஜூலை. நாங்கள் இருந்தது ஆற்றங்கரை முகாம். தமிழ் ஆட்கள் ஒரு கும்பல், தெலுங்கு ஆட்கள் ஒரு கும்பல். ஏவுகிற கங்காணிக்குப் பேச்சு புரிய வேண்டும் என்பதற்காக மொழி பார்த்துப் பிரித்திருந்தார்கள். எல்லப்பன் தமிழ்க் கும்பலில் இருந்தான். ஒரு நாள் காலையில், மேல் முகாமுக்கு முப்பது தெலுங்கு ஆள் வேண்டும், மதியத்துக்குள் பட்டியல் வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேல் முகாமில் காலரா என்று எல்லோருக்கும் தெரியும். ஜப்பான்காரனிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் குறைந்தால், பட்டியல் எழுதியவனே அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

இருபத்தொன்பது பேர்தான் கிடைத்தார்கள்.

நான் கொட்டகை கொட்டகையாக நடந்து, "இங்கா எவரைனா உன்னாரா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆந்திரா ஆட்களுக்கு அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தது. கடைசிக் கொட்டகையில் எல்லப்பன் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். என் குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கிச் சிரித்தான்.

"ஏம் காவாலி அன்னா?"

என்ன வேண்டும் அண்ணா என்று கேட்டான். நம் பக்கத்து ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழியில் பதில் சொல்வோம். கன்னடத்தில் கேட்டிருந்தால் கன்னடத்தில் சொல்லியிருப்பான். அவன் தமிழ்ப் பட்டியலில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதியவனே நான்தான். தமிழ்ப் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு, தெலுங்குப் பட்டியலில் முப்பதாவதாக எழுதினேன். அவன் போகவில்லை என்றால் போக வேண்டியவன் நான்.

போகும்போதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஷஃபான் மாதத்துப் பிறை தெரிந்த அன்று மாலை, மேல் முகாமிலிருந்து கங்கய்யா என்பவன் இரண்டு நாள் காட்டு வழி நடந்து தப்பி வந்தான். எல்லப்பன் முதல் வாரம் நன்றாக இருந்தான், நோயாளிகளுக்குத் தண்ணீர் சுமந்தான் என்று சொன்னான். பிறகு அவனையும் படுக்க வைத்தார்கள். கங்கய்யா கிளம்புவதற்கு முதல் நாளோ அன்றைக்கோ, நோயாளிக் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். எல்லப்பன் உள்ளே இருந்தான். அப்போது உயிர் இருந்ததா இல்லையா என்று கங்கய்யாவுக்குத் தெரியாது. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். தெரியாது என்றான். அவனும் மறு மாதம் செத்துப்போனான்.

மடி, தண்ணீர், கட்டை எல்லாம் என் பொய். பதினோரு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டு வந்தது. உங்களுக்காகப் புதிதாகச் செய்தது இல்லை.

சிங்கப்பூர்க் கோர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகாமில் இருந்த வெள்ளைக்காரக் கைதிகளை அந்த ஆபீசர் அடித்தானா, மருந்தைப் பிடுங்கினானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். முப்பது பெயர்களும் என் வாய்க்குள் இருந்தன. உங்கள் ஆட்கள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொன்னால் யார் எழுதிய பட்டியல் என்று அடுத்த கேள்வி வரும். போகலாம் என்றார்கள். பிழைத்தோம் என்று வந்துவிட்டேன். வெளியே யாரோ போட்டோ எடுத்தார். அதை நேற்றுக் கழற்றிவிட்டேன்.

இதை அந்த அம்மாவுக்கு வாசிப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

நசீருதீன்

*

பாகலூர்,
28-2-1955

நசீருதீன் அவர்களுக்கு,

மூன்று மாதம் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை நம்பத் துணிச்சல் வரவில்லை. ஒரு முறை ஏமாற்றியவர், அழகாக ஏமாற்றக் கற்றுக்கொண்டிருக்கலாம் அல்லவா? அதனால் மலாயா அலுவலகத்துக்குத் திரும்பவும் மனுப் போட்டேன். இந்த முறை தெலுங்குப் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன்.

போன மாதம் பதில் வந்தது. மேல் முகாமுக்கு அனுப்பிய முப்பது பேர் பட்டியலில் கடைசிப் பெயர்: எல்லப்பன், பாகலூர், சேலம் ஜில்லா. பக்கத்தில் என்ன ஆனார் என்று எழுத வேண்டிய கட்டம் காலி. முப்பது பேருக்கும் அந்தக் கட்டம் காலி.

1947இல் நான் போட்ட மனுவில், தாய்மொழி என்ற இடத்தில் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தமிழ் என்று எழுதினேன். தமிழ் வாத்தியார் வேறு என்ன எழுதுவான்? எங்கள் அம்மா எங்களைத் தெலுங்கில்தான் திட்டுவாள், தெலுங்கில்தான் கொஞ்சுவாள். அதை எழுதியிருந்தால் எட்டு வருடம் முன்பே அந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்கும். உங்கள் பேனாவை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளையம்மாவுக்கு முழுவதும் வாசித்தேன். கொட்டகைக்குத் தீ வைத்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதீங்க பாவா. அவரு அங்க இருந்தாரு. நான் கேக்கறதுக்கு என்னா?" என்றாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். "தெரியாதுன்னு எழுதியிருக்காரு பாருங்க, அந்த எடத்துலதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு" என்றாள்.

பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். சுபானு வருடம் ஆடி. உங்கள் பிறைக் கணக்கு சரியென்றால், ஆடி அமாவாசை அல்லது அதற்கு முந்தின நாள். அமாவாசையையே வைத்துக்கொள்வோம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஒரு நாள் முன்பின் இருக்கட்டும், பொய்யாக இல்லாமல் இருந்தால் போதும் என்றாள்.

தாலியைத் தை மாதத்திலேயே கழற்றிவிட்டாள். ஊரில் சிலர், கல்யாணம் முடியட்டும், அதுவரை தெரியாததுபோல இருந்துகொள் என்றார்கள். "தெரியாம இருந்தது போதாதா?" என்று கேட்டாள். கல்யாணத்தன்று தட்டு வந்தது. தூக்கி வந்த பெண் அவள் முன்னால் தயங்கி நின்றாள். வெள்ளையம்மா கையை மடக்கவில்லை. தட்டையே வாங்கிக்கொண்டாள். "நான் பெத்த பொண்ணுக்குக் கல்யாணம், நான்தான் குடுப்பேன்" என்று ஒவ்வொருத்திக்கும் தானே வெற்றிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டு போனாள். முணுமுணுத்தார்கள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

உங்களை மன்னித்தோமா என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், இன்னும் எனக்கு உங்கள்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. கங்கய்யா சொன்னதில் எதையாவது குறைத்துச் சொன்னீர்களோ என்று சில நாள் தோன்றுகிறது. அது போக நாளாகும்.

நேற்று ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த இருபத்தொம்பது வீட்லயும் ஒருத்தி இருப்பா இல்ல பாவா? அவங்களுக்கு யாரு எழுதுவாங்க?"

நான் எழுத முடியாது. எனக்கு அவர்களைத் தெரியாது. எந்தக் கோர்ட்டும் இனிக் கூடி உங்களைக் கேட்கப்போவதில்லை. முப்பது பெயரும் வாய்க்குள் இருந்தன என்று எழுதியிருந்தீர்களே, அதனால் கேட்கிறேன். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு தபால் கார்டு எடுங்கள். நினைவில் இருக்கிற ஒரே ஒரு பெயரை எழுதுங்கள். அதன் கீழே அவன் ஊர், நீங்கள் அவனைக் கடைசியாகப் பார்த்த இடம், உங்களுக்குத் தெரிந்தது, தெரியாதது. அவன் வீட்டுக்காரர்கள் பேசுகிற மொழியில் எழுதி, அந்த வீட்டு விலாசத்துக்கே போடுங்கள்.

ராமப்பன்